பாலை மண்ணில் கதிரியக்க மாசு எப்படி நகர்கிறது: சுங்கை சிப்புட்டில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் உரம் இறைத்த மறுநாளே பெருமழை பிடித்தால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பங்கு சரிவில் ஓடிக் கால்வாயில் சேரும். இன்னொரு பங்கு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மழை போகிற வழியே உரமும் போகும். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் பேராக் மண்ணுக்கு இந்த அனுபவ அறிவு போதும்.

கதிரியக்க மாசு எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற கேள்வி கிந்தா பள்ளத்தாக்கில் யாருக்கோ உரிய கேள்வி இல்லை. வெள்ளீயம் தோண்டிய காலத்தின் மிச்சமான ஆமாங் என்ற கழிவு மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கி 1994-இல் மூடப்பட்ட அரிய மண் ஆலையின் கழிவைப் பற்றி இன்றும் பேச்சு அடங்கவில்லை. இப்படி ஓர் இடத்தை மதிப்பிட உட்காருபவர் கையில் முதலில் கிடைப்பவை பெரும்பாலும் வறண்ட நிலங்களுக்காக எழுதப்பட்ட கணக்கு மாதிரிகளும் அவற்றின் எண்களும்தான். மண்ணில் கதிரியக்க மாசின் நகர்வு மிக நீண்ட காலம், மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட இடங்களில் முக்கியமான சில அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் இருப்பதே காரணம். அதனால் அந்தப் பாலைவனக் கணக்கை முதலில் முழுசாகப் போட்டுப் பார்த்து, அது எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று கண்டுகொண்ட பிறகு நம் மண்ணுக்கு வருவதுதான் ஒழுங்கு. மண் பரிசோதனை, உர ஆலோசனை, ஆய்வக வேலை செய்பவர்கள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பார்க்கும்படி எண்கள் கீழே தரப்பட்டுள்ளன.

களம்

நெவாடா மாநிலத்தில் பீட்டி என்ற சிற்றூருக்குத் தெற்கே அமர்கோசா பாலைவனம். அங்கே 1962 முதல் 1992 வரை குறைந்த அளவுக் கதிரியக்கக் கழிவைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆண்டு மழை ஏறத்தாழ 110 மி.மீ. சுங்கை சிப்புட்டில் ஒரு நல்ல வாரத்தில் இவ்வளவு பெய்துவிடும். நிலத்தடி நீர் மட்டம் ஏறத்தாழ 110 மீட்டர் ஆழத்தில். நடுவில் இருப்பது மணலும் சரளையும் கலந்த, நீர் நிறையாத மண். இந்த மூன்றையும் பார்த்தவர்கள் சொன்னது: மழை இல்லை, நீர் மட்டம் ஆழம், ஆகவே புதைத்தது புதைத்த இடத்திலேயே இருக்கும்.

1990-களின் நடுவில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அருகில் போட்ட ஆய்வுத் துளையின் மண் காற்றைச் சோதித்தபோது, குழிகளிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி ட்ரிட்டியமும் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) கார்பன்-14-உம் கிடைத்தன. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. எனவே அது அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்க முடியாது. புதைகுழி திறந்த பிறகான சில பத்தாண்டுகளுக்குள் நடந்த நகர்வு அது.

நீர் மட்டும் நகர்வதாகக் கொண்ட முதல் கணக்கு

வறண்ட நிலத்தில் மழைமானியும் ஆவியாதல் கணக்கும் கொண்டு ஆழத்துக்கு இறங்கும் நீரைக் கண்டுபிடிக்க முடியாது. 110-இலிருந்து 110 அளவுள்ள ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது அளவீட்டுப் பிழைதான். அதனால் குளோரைடைப் பிடிக்கிறோம். மழையோடும் தூசியோடும் வரும் குளோரைடு ஆவியாகாது, செடியும் அதிகம் எடுக்காது. நீர் போய்விட, உப்பு தங்கும். மழை அளவை மழைநீரின் குளோரைடு செறிவால் பெருக்கி, வேர் மண்டலத்துக்குக் கீழே உள்ள மண்நீரின் குளோரைடு செறிவால் வகுத்தால் இறங்கும் நீரின் அளவு வரும். உதாரணத்துக்கு மழை 110 மி.மீ., அதில் லிட்டருக்கு 0.5 மி.கி., மண்நீரில் லிட்டருக்கு 2,000 மி.கி. என்று வைத்தால் விடை ஆண்டுக்கு 0.0275 மி.மீ. மண்ணின் கன அளவில் நீர்ப் பங்கு 0.06 என்றால், மண்ணில் ஒட்டாமல் நீரோடு போகும் டெக்னீசியம்-99 போன்ற பொருள் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் இறங்கும். 110 மீட்டரைக் கடக்க இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல்.

இந்தக் கணக்கு பொய் இல்லை. அமர்கோசாவில் வேர் மண்டலத்துக்குக் கீழே சேர்ந்துள்ள குளோரைடு, பத்தாயிரம் ஆண்டு அளவில் அங்கே மழைநீர் ஆழத்துக்கு இறங்கவே இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. இன்னும் சொல்லப்போனால், பாலைச் செடிகளின் வேர்கள் மேல்மண்ணை அவ்வளவு வலுவாக உறிஞ்சி வைத்திருப்பதால் ஆழத்து ஈரம் மெல்ல மேல் நோக்கியே இழுபடுகிறது. நீர் இறங்கவில்லை என்ற முடிவு சரி. ஆகவே மாசும் நகராது என்று அடுத்த அடி எடுத்து வைத்ததுதான் பிசகு.

மென்பொருளில் போடும்போது வழுக்கும் இடங்கள்

அந்த அடுத்த அடிக்குப் போகும் முன், நீர்க் கணக்கையே சரியாகப் போடுவது எப்படி என்று பார்த்துவிட வேண்டும். நீர் நிறையாத மண்ணில் நீர் நகர்வதைச் சொல்லும் ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டைத் தீர்க்கும் ஹைட்ரஸ்-1டி போன்ற மென்பொருள் இதற்குப் போதும். ஈர மண்ணில் பழகியவர் அதே பழக்கத்தில் எண்களைக் கொடுத்தால், மென்பொருள் ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிடும். அதுதான் இதில் ஆபத்து.

முதலாவது, தொடக்க ஈரம். வயல் கொள்ளளவு என்று வழக்கமாகச் சொல்லும் மைனஸ் 330 செ.மீ. இழுவிசையை (மண் நீரைப் பிடித்து இழுக்கும் வலு, நீர் உயரமாகச் சொல்வது) 110 மீட்டர் முழுக்கக் கொடுப்பவர்கள் உண்டு. மணற்பாங்கான வண்டலுக்குக் கார்செல், பாரிஷ் இருவரும் 1988-இல் தொகுத்த வான் கெனுக்டன் வளைவின் (ஈரத்தையும் இழுவிசையையும் இணைக்கும் வளைவு) எண்களை எடுங்கள்: எஞ்சிய நீர் 0.065, நிறைவு நீர் 0.41, ஆல்ஃபா செ.மீ.க்கு 0.075, 'n' என்ற எண் 1.89, நிறைவுக் கடத்துதிறன் நாளுக்கு 106.1 செ.மீ. மைனஸ் 330-இல் நீர்ப் பங்கு 0.085. மைனஸ் 10,000-இல் 0.066. வித்தியாசம் வெறும் 0.019. ஆனால் 100 மீட்டர் மண்ணில் அது 1.9 மீட்டர் நீர்! பெய்யாத மழையைத் தொடக்கத்திலேயே மண்ணுக்குள் ஊற்றிவிட்டோம். அந்த ஈரத்தில் மண் புவியீர்ப்பால் மட்டும் வடித்தால் ஆண்டுக்குச் சுமார் 0.11 மி.மீ. இறங்கும். குளோரைடு சொன்னதைவிட நான்கு மடங்கு. விடையில் தெரிவது பாலைவனமே இல்லை, நாம் ஊற்றிய நீர். அளந்த ஈரமும் அளந்த இழுவிசையும் இருந்தால் அவற்றையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பத்தாயிரம் ஆண்டுக் காலநிலையை முன்னோட்டமாக ஓடவிட்டு, குளோரைடு படிவம் பொருந்துகிறதா என்று பார்த்து, அந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அடி எல்லையும் இதோடு சேர்ந்ததுதான். 'தாராள வடிகால்' என்ற தேர்வு, அடியில் நீர் எப்போதும் கீழ்நோக்கியே போகும் என்று கட்டளையிடுகிறது. மேல்நோக்கிய இழுப்பு இருக்கும் இடத்தில் அந்தத் தேர்வு கூடாது. கணக்கை நீர் மட்டம் வரை நீட்டி, அங்கே அழுத்தம் பூஜ்யம் என்று வைப்பதுதான் சரி.

அடுத்தது மேல் எல்லையின் காய்வு வரம்பு. மேல்மண் எவ்வளவு காயலாம் என்று மென்பொருள் ஓர் எண் கேட்கும். பலர் செடி வாடும் புள்ளியான மைனஸ் 15,000 செ.மீ.யைப் போட்டுவிடுவார்கள். 25 பாகை செல்சியஸில் அந்த இழுவிசைக்கு ஈடான காற்று ஈரப்பதம் 98.9 விழுக்காடு. பாலைவனக் காற்றில் எங்கே இவ்வளவு ஈரம்? ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் மைனஸ் 9,70,000 செ.மீ. அளவில் வரும், 20 விழுக்காடு என்றால் மைனஸ் 22 லட்சத்தைத் தாண்டும். இந்த எண்ணைத் தவறாகக் கொடுத்தால் மேல்மண் காய வேண்டிய அளவு காயாது, அடுத்த மழை அதிக ஆழம் போகும். இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: செடி வாடும் அளவுக்குக் காய்ந்த மண்ணிலும் துளைக்குள் உள்ள காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கிறது. ட்ரிட்டியம் விஷயத்தில் இது திரும்ப வரும்.

வான் கெனுக்டன் வளைவே வறண்ட முனையில் உடைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எவ்வளவு காய்ந்தாலும் 'எஞ்சிய நீர்' மிச்சம் இருக்கும் என்று அது சொல்கிறது. உண்மையில் அடுப்பில் காயும் நிலையில், மைனஸ் ஒரு கோடி செ.மீ. அளவில், நீர்ப் பங்கு பூஜ்யம். வறண்ட முனையைத் தனியாக நீட்டி எழுதும் திருத்த வடிவங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

மழைத் தரவில் இன்னொரு கண்ணி. ஆண்டு மழை 110 மி.மீ.யை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.3 மி.மீ. ஆவியாதல் அதைப் பல மடங்கு விழுங்கும், ஒரு சொட்டும் கீழே போகாது. ஆனால் மழை அப்படிப் பெய்வதில்லை. இரண்டு மணி நேரத்தில் 25 மி.மீ. கொட்டினால், நீர்ப் பங்கு 0.15 உயரும் மண்ணில் 17 செ.மீ. நனையும். குளிர்காலத்தில் இரண்டு மழை அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது முதலாவதின் ஈரத்தின் மேல் ஏறி இன்னும் ஆழம் போகும். மணிக்கணக்குத் தரவு வேண்டும். குறைந்தபட்சம் நாள் தரவாவது வேண்டும். மாதச் சராசரியை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

கண்ணிகளில் மிகவும் ஏமாற்றுவது நீர்ச் சமநிலைப் பிழை. 'ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது' என்பது பொது விதி. பேராக் மண்ணில் அது நல்ல விதிதான். 110 மி.மீ. மழையில் ஒரு விழுக்காடு 1.1 மி.மீ. நாம் தேடுவதோ 0.0275 மி.மீ. பிழை விடையைவிட 40 மடங்கு பெரியது. அதனால் மொத்தச் சமநிலையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், 5 மீட்டர், 10 மீட்டர் ஆழங்களில் பாயும் அளவைத் தனியாக எடுத்து, கணக்குக்காக மண்ணைப் பிரித்த கணுக்களின் இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டி, அந்த எண் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் 10 செ.மீ.க்கு 0.2 செ.மீ. இடைவெளி, கீழே போகப் போக மெல்லப் பெருக்கி 20 செ.மீ. வரை விடலாம். அடுத்தடுத்த இரு இடைவெளிகள் ஒன்றரை மடங்குக்கு மேல் மாறாமல் இருப்பது நல்லது.

ஆவியைச் சேர்த்த இரண்டாவது கணக்கு

ட்ரிட்டியம் என்பது ஹைட்ரஜன்தான். நீர் மூலக்கூறுக்குள் இருக்கிறது. நீர் ஆவியானால் அதுவும் ஆவியாகும், நீர் படிந்தால் அதுவும் படியும். வறண்ட மண்ணில் நீர் துகள்களின் மேல் மெல்லிய படலமாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது, அதன் வழியே விரவுவது (செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே பரவுவது) கடினம். காற்றுத் துளைகளோ விரிந்து திறந்திருக்கின்றன.

25 பாகையில் ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் நீராவி. திரவ நீரோடு ஒப்பிட்டால் செறிவு விகிதம் 0.000023. மிகச் சிறியதுதான். ஆனால் நீராவி காற்றில் விரவும் வேகம் நொடிக்கு 0.25 சதுர செ.மீ., திரவ நீருக்குள் விரவல் 0.000023 சதுர செ.மீ. ஒரு பக்கம் இழந்ததை இன்னொரு பக்கம் ஈட்டிக்கொள்கிறது. அதனால் தீர்ப்பு மண்ணின் துளை அமைப்பின் கையில். மில்லிங்டன், குவர்க் இருவரும் 1961-இல் தந்த, துளைகளின் வளைவு நெளிவைக் கணக்கில் எடுக்கும் சூத்திரத்தை, மொத்தத் துளைப் பங்கு 0.40 உள்ள மண்ணுக்குப் போட்டால் வருவது இது:

நீர்ப் பங்கு 0.05: ஆவி வழி திரவ வழியைவிட ஏறத்தாழ 160 மடங்கு.
நீர்ப் பங்கு 0.15: ஆவி வழி ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு.
நீர்ப் பங்கு 0.30: திரவ வழி ஆவி வழியைவிட ஏறத்தாழ 150 மடங்கு.

மூன்றாவது வரி நமது தோட்ட மண். முதல் வரி அமர்கோசா. இயற்பியல் ஒன்றுதான், எண்களும் அதே எண்கள்தான், ஈரம் மட்டும் மாறியதும் வழியே தலைகீழாகிவிட்டது. மாதிரியின் எந்தப் பகுதியை அணைத்துவைக்கலாம் என்பதை மண்ணின் ஈரத்தைப் பார்க்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஹைட்ரஸ்-1டியில் இதைப் போடும்போது செ.மீ., நாள் அலகுகளில் காற்று விரவல் 21,600, திரவ விரவல் 2, சிதைவு மாறிலி நாளுக்கு 0.000154, காற்றுக்கும் நீருக்கும் உள்ள செறிவு விகிதமான ஹென்றி மாறிலி 0.000023. ஹென்றி மாறிலிக்கு அலகு கிடையாது. அதை வேறு வடிவத்தில் தரும் அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் கணக்கு மொத்தமும் போய்விடும். வெப்பநிலையையும் சேருங்கள். 10 பாகையில் 9.4 கிராமாக உள்ள நீராவி 30 பாகையில் 30 கிராமாகிறது. கோடையில் மேல்மண் சூடாக, ஆழம் குளிராக இருக்கும்போது ஆவி கீழே தள்ளப்படுகிறது. குளிர்காலத்தில் திசை மாறுகிறது. இந்த வெப்ப நகர்வுக்கு 1957-இல் பிலிப், தி வ்ரீஸ் எழுதிய அமைப்பே இன்றும் அடிப்படை.

எட்டாத தூரம்

இப்போது கையால் ஒரு சோதனை. நீர்ப் பங்கு 0.05-இல், இரண்டு வழிகளையும் கூட்டி, ட்ரிட்டியத்தைத் தாங்கும் நீர்ப் பங்கால் வகுத்தால் பயனுறு விரவல் நொடிக்கு 0.000022 சதுர செ.மீ. இதைச் சிதைவு மாறிலியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.1 மீட்டர். மூலத்திலிருந்து ஒவ்வொரு 1.1 மீட்டருக்கும் செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று பொருள். பத்து மீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்று. நூறு மீட்டரில் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத பூஜ்யம்.

ஆனால் நூறு மீட்டரில் அளந்திருக்கிறார்கள்.

ஆவியைச் சேர்த்ததும் விரவல் நூறு மடங்குக்கு மேல் கூடியது உண்மை. ஆனாலும் அது எட்டவில்லை. வெளியான முழு அளவு மாதிரிகளும் இதே இடத்தில்தான் நின்றன, அளந்த தூரத்தை வெறும் விரவலால் எட்ட முடியவில்லை. களத்தில் கிடைத்த தடயங்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ட்ரிட்டியம் எல்லா ஆழத்திலும் சமமாகப் பரவவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்தில் உள்ள வறண்ட சரளை அடுக்கில் செறிந்து பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. இரண்டாவது, அந்தக் குழிகளில் ஆரம்ப காலத்தில் திரவக் கழிவும் கொட்டப்பட்டது. மண்ணை ஒரே சீரான நெடுங்குழாயாக எண்ணிப் போடும் ஒற்றைப் பரிமாணக் கணக்கில் சரளை அடுக்கின் பக்கவாட்டு ஓட்டம் வரவே வராது. கழிவு காய்ந்த திடப் பொருள் என்று எழுதிக்கொண்டால் கொட்டிய திரவமும் வராது. காற்றழுத்த ஏற்ற இறக்கம் மண் காற்றை உள்ளேயும் வெளியேயும் தள்ளுவதும், குழிக்குள் உருவாகும் வாயுவின் அழுத்தமும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

இந்த நிலைமையில் சிலர் செய்யும் தவறு, விரவல் எண்ணைக் கூட்டிக்கூட்டி நூறு மீட்டரைத் தொடவைப்பது. நூறு மீட்டர் எட்ட வைக்க அதை ஆயிரக்கணக்கான மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி ஏற்றிய எண் எந்த இயற்பியலுக்கும் பொருந்தாது, அடுத்த இடத்தில் தப்பான விடையையே தரும். பொருந்தாத மாதிரியைப் பொருந்தவில்லை என்றே எழுதி வைப்பது நேர்மை. விடுபட்ட வழியைத் தேடத் தூண்டுவதும் அதுவே.

அமர்கோசாவில் நடந்த ஒரு நல்ல வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கும் துளை போடுவது செலவு. அங்கே வளரும் கிரியோசோட் புதரின் இலைகளிலிருந்து நீரை எடுத்து ட்ரிட்டியத்தை அளந்தார்கள். வேர் தொட்ட ஈரத்தை இலை காட்டிக்கொடுத்தது. நிறைய புதர்கள், குறைந்த செலவு, பரவலின் வரைபடம் கையில்.

சீசியம்: நீருக்குள் இருக்கும் உப்பு எழுதிய கதை

வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் மழை ஆண்டுக்கு 170 மி.மீ.யை ஒட்டி. அணு ஆயுதப் புளூட்டோனியம் பிரித்த கழிவு, 177 நிலத்தடித் தொட்டிகளில். 1973-இல் டி-106 என்ற தொட்டி மட்டும் 1,15,000 கேலன், அதாவது 4,35,000 லிட்டர் கசிந்தது. அந்தத் தொட்டியின் விட்டம் 75 அடி, பரப்பு 410 சதுர மீட்டர். கசிவை அதன்மேல் பரப்பினால் ஒரு மீட்டர் உயர நீர். அந்த வட்டாரத்துப் புதர்க்காட்டு மண்ணில் ஆண்டுக்குச் சில மி.மீ. மட்டுமே இறங்கும். ஒரு கசிவு நூற்றாண்டுகளின் மழை வேலையைச் சில வாரங்களில் செய்துவிட்டது.

அங்கே மேல்பரப்பும் மாறியிருந்தது. தொட்டிகளின் மேல் செடியே முளைக்காமல் சரளை பரப்பி வைத்திருந்தார்கள். செடி இல்லாத சரளைப் பரப்பில் ஆண்டுக்கு 100 மி.மீ. வரை இறங்கலாம். செம்பனை மரத்தடியில் களை எடுத்துச் சுத்தமாக வைக்கும் வட்டத்துக்கும் நடுநிரையில் புல் மூடிய மண்ணுக்கும் நீர் வேறு மாதிரி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஆனால் 'பாலைவனம்' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பரப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமலேயே சில மி.மீ. என்று எழுதிவிடுகிறார்கள்.

சீசியம்-137 மண்ணோடு இறுகப் பிடிக்கும். மாசு நீரைவிட எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்று சொல்லும் தாமதக் காரணி என்பது 1-உடன், பரும அடர்த்தியைப் பங்கீட்டுக் கெழுவால் (மண்ணில் ஒட்டியதற்கும் நீரில் கரைந்ததற்கும் உள்ள விகிதம்) பெருக்கி நீர்ப் பங்கால் வகுத்த எண்ணைக் கூட்டுவது. கெழு பெரியதாக இருக்கும்போது நீர்ப் பங்கு கணக்கிலிருந்தே விழுந்துவிடும், இறங்கும் நீரை அடர்த்தியும் கெழுவும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தாலே வேகம் வரும். ஆண்டுக்கு 100 மி.மீ. நீர், அடர்த்தி 1.6, கெழு கிராமுக்கு 2,000 மி.லி. என்றால் ஆண்டுக்கு 0.03 மி.மீ. அரை ஆயுள் 30 ஆண்டு. அதற்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. இப்படித்தான் எழுதியும் வைத்திருந்தார்கள். 1990-களில் எஸ்எக்ஸ் தொட்டித் தொகுதியின் ஆய்வுத் துளைகளில் காமா அளவி சுமார் 40 மீட்டர் ஆழம் வரை சீசியத்தைக் காட்டியது.

காரணம் கெழுவை அளந்த விதத்தில் இருந்தது. சாதாரண நிலத்தடி நீரை வைத்து அளந்தார்கள். கசிந்ததோ சோடியம் நைட்ரேட் அடர்ந்த, சூடான கரைசல். மைக்கா கனிமத் தகடுகளின் நைந்த விளிம்புகள்தான் சீசியத்தை இறுகப் பிடிக்கும் இடங்கள். அங்கே சோடியமும் பொட்டாசியமும் கூட்டமாக வந்து நெருக்கினால் சீசியத்துக்கு இடம் கிடைக்காது, கெழு பல மடங்கு சரியும். சோடியம் முன்னே போய், பின்னால் வரும் நீர் நீர்த்ததும் சீசியம் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே கெழு ஒரு மாறிலி இல்லை. சீசியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம் நான்கையும் ஒன்றாக ஓடவிட்டு, பல வகைப் பிடிப்பு இடங்களை வைத்துப் போட்ட அயனிப் பரிமாற்ற மாதிரிதான் களத்தோடு பொருந்தியது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஆழத்தில் கண்ட சீசியத்தில் ஒரு பகுதி, துளை போடும்போது இரும்புக் குழாயோடு மேலிருந்து இழுபட்டு இறங்கியது. மாதிரியைக் களத்தோடு ஒப்பிடும் முன் களத் தரவே சுத்தமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சுங்கை சிப்புட் மண்ணுக்கு

குளோரைடு முறை முதல் நாளே தோற்கும். மழைநீரில் லிட்டருக்கு 1 மி.கி. குளோரைடு என்று வைத்தாலும் 2,200 மி.மீ. மழை சதுர மீட்டருக்கு 2.2 கிராம்தான் தரும். மரத்துக்கு 3 கிலோ எம்ஓபி (பொட்டாசியம் குளோரைடு உரம்), ஹெக்டருக்கு 140 மரம் என்றால் 420 கிலோ உரம். அதில் 47 விழுக்காடு குளோரைடு. சதுர மீட்டருக்கு 20 கிராம் வருகிறது. மழையைவிட ஒன்பது மடங்கு. உரக் கணக்கைக் கிராணியின் புத்தகத்திலிருந்து எடுத்துச் சேர்க்காமல் போட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. நல்லவேளை, இங்கே அந்த முறை தேவையும் இல்லை. மழை 2,200, ஆவியுயிர்ப்பு 1,300, நிலத்தின் மேலே ஓடிப்போவது 200 என்று வைத்தால் 700 மி.மீ. இறங்குகிறது. கழித்து வரும் எண் பிழையைவிடப் பெரியது. நீர்ப் பங்கு 0.35-இல் ஆண்டுக்கு 2 மீட்டர். ஒட்டாத மாசு மூன்று மீட்டர் ஆழத்து நீர் மட்டத்தை ஒன்றரை ஆண்டில் தொடும்.

தோரியம் அப்படி இல்லை. கெழு 3,000, அடர்த்தி 1.3 என்று வைத்தால் ஆண்டுக்கு 0.18 மி.மீ. முப்பது செ.மீ. இறங்க 1,600 ஆண்டுக்கு மேல். இதைப் பார்த்து நிம்மதி அடைபவர் அமர்கோசாவில் செய்த தவறையே இங்கேயும் செய்கிறார். நீரில் கரைந்து போகாது, சரி. மண்ணோடு ஒட்டியே போகுமே! மறுநடவுக்கு மரம் சாய்த்து, மூடுபயிர் படரும் முன் திறந்து கிடக்கும் சரிவில் ஒரு மி.மீ. மேல்மண் அரித்தால் ஹெக்டருக்கு 13 டன். ஐந்தாறு ஆண்டில் கீழே இறங்கும் தூரத்துக்கு ஈடான மண்ணை ஒரு மோசமான மழை பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். ஆமாங் மணல் கலந்த நிலத்துக்கு வேண்டியது மண்ணரிப்பு மாதிரி. செங்குத்தாக இறங்கும் ஹைட்ரஸ் கணக்கு இரண்டாம் இடம்தான்.

ஹான்ஃபோர்டின் சோடியத்துக்கு ஈடு இங்கே பொட்டாசியமும் அமோனியமும். எம்ஓபியும் அமோனியம் சல்பேட்டும் விழும் மரத்தடி வட்டத்தில் அயனிப் போட்டி கடுமை. மேலும் நமது முதிர்ந்த செம்மண்ணில் களி பெரும்பாலும் கயோலினைட், சீசியத்தை இறுக்கும் மைக்கா விளிம்புகள் குறைவு. ஹான்ஃபோர்டு மண்ணின் கெழுவை இங்கே கொண்டுவரவே கூடாது. வட்டத்திலும் நடுநிரையிலும் தனித்தனியாக மண் எடுத்து, அந்தந்த இடத்து மண்நீரையே வைத்துக் கெழு அளக்க வேண்டும். வடிநீரில் அளந்த எண் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

மண் எடுக்கும் முறை: முதலில் சந்தேகமில்லாத தூய இடம், பிறகு மாசு இருக்கக்கூடிய இடம், இந்த வரிசை மாறக் கூடாது. மேல் 30 செ.மீ.யை 5 செ.மீ. துண்டுகளாக, அதன்பின் 2 மீட்டர் வரை 20 செ.மீ. துண்டுகளாக. ஒவ்வொரு ஆழத்துக்கும் துளைக்கருவியைக் கழுவித் துடைத்து, துண்டின் வெளிவிளிம்பைச் சீவிவிட்டு நடுமண்ணை மட்டும் எடுக்க வேண்டும். ஹான்ஃபோர்டில் குழாயோடு இழுபட்டது போல இங்கேயும் இழுபடும். சரிவின் கீழே வண்டல் குழியும் கால்வாய் முனையும் கட்டாயம், அங்கே படிந்த நுண்மண்ணைத் தனிப் பையில். அடுப்பில் 105 பாகையில் காயவைத்து, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, குறைந்தது 21 நாள் வைத்திருந்த பிறகே காமா நிறமாலையில் ஏற்ற வேண்டும். ரேடான் கசிந்துபோன டப்பாவில் ரேடியம்-226 குறைவாகவே தெரியும். தோரியம் வரிசைக்கு ஆக்டினியம்-228-இன் 911 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டையும் தாலியம்-208-இன் 583 கோட்டையும் இரண்டையும் படியுங்கள். வரிசையின் சிதைவுகளில் 36 விழுக்காடு மட்டுமே தாலியம்-208 வழியே போவதைத் திருத்திய பிறகும் இரண்டும் ஒரே செயல்பாட்டைத் தரவில்லை என்றால் ரேடியம்-228 தோரியத்தை விட்டுப் பிரிந்து தனியாக நகர்ந்திருக்கக்கூடும், அந்தத் துண்டை மட்டும் எடுத்து மறுபடி அளக்க வேண்டும்.